முடிவக்காவின் ஒற்றை ஓட்டு

எங்கள் கிளை நூலகத்துக்கு நேர் எதிரே, மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் பெண்களுக்கான முடிதிருத்தகம் ஒன்று இருக்கிறது. மூன்று நாற்காலிகள், மூன்று கண்ணாடிகள், சுவரோரம் தலை அலசும் தொட்டி. கடைக்காரரை எல்லோரும் முடிவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முடி வெட்டுவதால் வந்தது பாதிப் பெயர். நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் தான் படித்த நாவலின் முடிவைச் சொல்லிவிடுவதால் வந்தது மீதி. "சொல்லாதீங்கக்கா, நான் இன்னும் படிக்கல" என்று யாராவது கெஞ்சினால், "தலையை ஆட்டாதம்மா, காது போயிடும்" என்பார். அதற்குமேல் யார் வாயைத் திறப்பார்கள்?

அவர் படிப்பதெல்லாம் இளையோர் நாவல்கள். பத்தாம் வகுப்போடு அவருடைய பள்ளிக்கூடம் நின்றுபோனது. அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார், இவர் மூத்த பெண், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இதே கடையில் வெட்டி விழுந்த முடியைக் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தார். பிறகு கத்தரி பிடித்தார், அதற்குப் பிறகு கடையையே பிடித்தார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, ஒரே மகளை நன்றாகப் படிக்க வைத்தார். மகள் வேலைக்காக வெளியூர் போனபோது அலமாரி நிறைய நாவல்களை விட்டுவிட்டுப் போனாள். அவற்றைத் தூசி தட்டத்தான் முடிவக்கா கையில் எடுத்தார். ஒன்றைப் பிரித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் லிஃப்ட்காரர் வந்து பார்த்தபோது துடைக்கிற துணி ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம்.

"அம்மா, உன் வயசுக்கு ஏத்த மாதிரி எதையாவது படியேன்" என்று மகள் போனில் சிரித்திருக்கிறாள்.

"என் வயசுல நடக்கறதுதான் எனக்கே தெரியுதே. தெரியாததைப் படிக்கறதுக்குத்தான் புத்தகம்" என்றாராம் இவர்.

அலமாரி தீர்ந்ததும் சாலையைக் கடந்து என்னிடம் வர ஆரம்பித்தார். நான் அந்த நூலகத்தில் வேலை பார்க்கிறேன். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது கூடவே ஒரு கருத்தும் வரும். பதின்வயதுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு நகரத்தையே ஆளும் நாவலைப் பற்றி, "எல்லாம் சரி மேடம், அத்தனை பேருக்கும் சமையல் யார் பண்றாங்க? ஒரு வரி இல்லையே" என்றார். ஒரு காதல் நாவலுக்கு, "மூணு அத்தியாயம் முழுக்க அந்தப் பையன் கண்ணைப் பத்தியே. கண் டாக்டர்கூட இவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்." பிடிக்காத புத்தகத்தையும் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் திட்டுவார். பாதியில் வைத்துவிட்டுத் திட்டுவது, தலையைப் பாதி வெட்டிவிட்டு எழுப்பி அனுப்புகிற மாதிரி என்பது அவர் கட்சி.

அந்த வருஷம் எங்கள் நூலகக் குழு, சிறந்த இளையோர் நாவலுக்கு ஒரு பரிசு ஏற்படுத்தியது. வாசகர்கள் ஐந்து பேர் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அறிவிப்பை ஒட்டிய பசை காய்வதற்குள் முடிவக்கா வந்து நின்றார்.

"நம்ம பேரையும் எழுதிக்குங்க மேடம்."

நான் தயங்கினேன். "இது இளையோருக்கான..."

"புத்தகம்தான் இளையோருக்கு. வாசகருக்கு வயசு போடல. நல்லாப் படிச்சுட்டுத்தான் வந்தேன்."

எழுதிக்கொண்டேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் இருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மருந்துக்கடைக்காரர், முடிவக்கா என்று குழு அமைந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் சிறுவர் பகுதியில் கூடினோம். அங்கே இருப்பவை குட்டி நாற்காலிகள். தலைமையாசிரியரின் முழங்கால்கள் ஏறக்குறைய அவர் தாடையைத் தொட்டன.

இறுதிச் சுற்றில் இருந்த நாவல்களில் ஒன்று எல்லோரையும் கட்டிப்போட்டிருந்தது. நீச்சல் போட்டிக்குத் தயாராகும் ஒரு பெண்ணின் கதை. அவளுடைய உயிர்த்தோழி குடும்பக் கஷ்டத்தால் பள்ளியை விட்டுவிட்டு ஒரு சலவைக்கூடத்தில் வேலைக்குப் போகிறாள். கடைசிக்குச் சற்று முன்னால் அங்கே நடக்கும் விபத்தில் இறந்துபோகிறாள். அந்தத் துக்கத்தையே பலமாக்கிக்கொண்டு நாயகி நீந்தி ஜெயிக்கிறாள். குட்டையான மாணவி, பேசும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு இது வேண்டாம்" என்றார் முடிவக்கா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீங்க அழலையாக்கா?" என்று கேட்டாள் மாணவி.

"அழுதேன்மா. மூக்கைச் சிந்தி முடிச்சப்புறம்தான் கோவம் வந்துச்சு. அந்தப் பொண்ணு எதுக்குச் செத்தா? இவ மெடல் வாங்கறதுக்கு."

தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்தார். "மரணம் கதையில வரக்கூடாதுன்னு சொல்ல முடியாதேம்மா."

"வரட்டும் சார். வேலைக்குப் போற பொண்ணுன்னா மட்டும் ஏன் தவறாம வருது? இந்த வருஷம் நான் படிச்ச எத்தனையோ நாவல்ல பார்த்துட்டேன். படிப்பை விட்டவ ஒண்ணு சாகறா, இல்லன்னா ஓடிப் போறா. அவளுக்குன்னு சாதாரணமா ஒரு திங்கட்கிழமை விடியவே மாட்டேங்குது."

"கதைதானே அக்கா" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கதைதான். மாத்திரைதானேன்னு நீங்க ஏதோ ஒண்ணை எடுத்துக் குடுத்துடுவீங்களா?"

உயரமான மாணவி புத்தகத்தை மடியில் மூடி வைத்தாள். "எங்க தெருவுல அப்படி நிஜமாவே ஒருத்தங்க செத்துப்போனாங்கக்கா" என்றாள் மெதுவாக. "அதைப் படிச்சப்ப, யாரோ அவங்களை ஞாபகம் வச்சு எழுதின மாதிரி இருந்துச்சு."

முடிவக்கா நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "அது எனக்குத் தோணலம்மா. நீ சொல்றதும் சரிதான்" என்றார். "ஆனாலும் என் ஓட்டு மாறாது" என்று சொல்லி, வாய் பேசாத தம்பியைத் தன் வேலையிடத்துக்குக் கூட்டிப் போகும் ஓர் அக்காவின் கதையைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் கதையில் பெரிதாக ஒன்றுமே நடக்காது. அதுதான் அவருக்குப் பிடித்திருந்தது.

நான்குக்கு ஒன்று. நீச்சல் நாவல் வென்றது. விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் நூலகக் குழுத் தலைவருக்கு அழைப்பிதழில் 'ஒருமனதாக' என்ற சொல் வேண்டியிருந்தது. அது கேட்கக் கம்பீரமாக இருக்கும் என்றார். தானே கடைக்குப் போனார், நானும் கூடப் போனேன். முடிவக்கா ஒரு பெண்ணின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தைதானேம்மா. யாருக்கும் நஷ்டமில்ல" என்றார் தலைவர்.

"ஒரு வார்த்தைதான் சார். ஆனா அதுக்குள்ள என் மனசும் சேர்த்திதானே?"

"எழுதினவங்க மனசு நோகுமே."

"நாலு பேர் புடிச்சிருக்குன்னு சொல்லியிருக்காங்க. ஒருத்தி புடிக்கலன்னா உடைஞ்சு போற புத்தகமா அது? அப்படி நினைச்சா நீங்கதான் அதைக் குறைச்சுப் பேசறீங்க."

தலைவர் நாற்காலியில் இருந்த பெண்ணிடம் ஆதரவு தேடினார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்று முதல் வீட்டிலும் நெருக்கடிதான். "ஊரோட ஒத்துப்போனா என்ன? வாடிக்கைக்காரங்க நாலு பேர் முகம் சுளிக்கப்போறாங்க" என்றார் லிஃப்ட்காரர். அப்படிச் சிலர் சுளிக்கவும் செய்தார்கள். இவருக்கு என்ன தெரியும் என்று என் காதுபடவே ஒருத்தி கேட்டாள். முடிவக்கா அசையவில்லை. அழைப்பிதழ் 'பெரும்பான்மை வாசகர்களின் தேர்வு' என்று அச்சாகி வந்தது.

விழாவுக்கு நாவலாசிரியர் வந்திருந்தார். முப்பதைத் தாண்டியிராத பெண், அதிகம் பேசாதவர். நன்றி சொல்லி முடித்துவிட்டு, "பெரும்பான்மைன்னு போட்டிருக்கு. சேராதவங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

கடைசி வரிசையில் முடிவக்கா எழுந்தார். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான்மா. நல்லா எழுதியிருக்கீங்க, அதுல சந்தேகமில்ல. நானும் அந்த சலவைக்கூடத்துப் பொண்ணு மாதிரித்தான், பதினஞ்சு வயசுல வேலைக்குப் போனேன். என் தோழி படிச்சா, பெரிய வேலைக்குப் போனா. நான் சாகல. மாசாமாசம் அவ தலைக்கு நான்தான் சாயம் போடறேன்."

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு அப்புறமும் நிறைய நடந்துச்சும்மா. அவளுக்கும் நடந்திருக்கும். நீங்க விடல."

ஆசிரியர் ஒலிவாங்கியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, "அவ உயிரோட இருந்திருந்தா கதையை எப்படிக் கொண்டுபோறதுன்னு எனக்குத் தெரியல. அதான் உண்மை" என்றார்.

"தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்க. நான் படிக்கறேன்" என்று சொல்லி உட்கார்ந்தார் முடிவக்கா.

சிலர் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் தட்டவில்லை. நாவலுக்கு அந்த மரணம் தேவைதான் என்று வாசலில் செருப்பைத் தேடும்போதும் அவர் வாதாடிக்கொண்டிருந்தார், முடிவக்காவும் விடவில்லை. உயரமான மாணவி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இருவரையும் மாற்றி மாற்றி மறுத்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அந்த ஆசிரியரின் அடுத்த நாவல் வந்தது. பை தைக்கும் ஆலையில் வேலை செய்யும் பெண்தான் அதில் நாயகி. முடிவக்காவுக்காக முதல் பிரதியை எடுத்து வைத்திருந்தேன். ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார்.

"எப்படிக்கா?"

"இவ சாகல. அது நல்ல விஷயம். ஆனா வேலை முடிஞ்சு வந்து எந்நேரமும் ஜன்னலோரம் நின்னு வானத்தையே பார்க்கறா. வேலைக்குப் போயிட்டு வர்றவளுக்கு முதல்ல கால் வலிக்கும் மேடம். உட்காருவா." மேசையில் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டார். "இந்த வருஷக் குழுவுக்கு எங்க கையெழுத்துப் போடணும்?"