தொட்டிக்குள் ஒரு சோடி

எங்கள் வீட்டு மீன் தொட்டியைப் பார்க்கப் புதுச்சத்திரத்தில் பாதி ஊர் வந்து போனது. எண்பதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரரின் அண்ணன் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டி வைத்து ஆந்திராப் பக்கம் போர் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை மெட்ராஸ் வழியாகத் திரும்பியவர், கண்ணாடித் தொட்டியையும் பாலிதீன் பையில் இரண்டு மீனையும் கொண்டுவந்து இறக்கினார். சிக்லிட் என்று பெயர். உடம்பெல்லாம் கறுப்பு வரி. ஆண் பெரியது. பெண் அதில் பாதிதான், வயிற்றோரம் மட்டும் கொஞ்சம் ஆரஞ்சு நிறம்.

அவர் முன்னால் நான் நிற்கக் கூடாது, பேசக் கூடாது. எங்கள் பக்கம் தம்பி பெண்டாட்டி அப்படித்தான் இருக்க வேண்டும். அவர் கூடத்துக்கு வந்தால் நான் சமையல்கட்டுக்குள் போய்விடுவேன். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் மனைவியிடம் சொல்வேன், அவள் போய்ச் சொல்வாள். அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவரும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மீன்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்றுதான். வருகிறவர்களுக்கு அவர் விளக்குவார். ஆண் பக்கவாட்டில் நின்று உடம்பை உதறினால் பெண்ணைக் கூப்பிடுகிறதாம். இரண்டும் வாயால் கூழாங்கல்லை அள்ளிப் போட்டால் முட்டைக்கு இடம் பார்க்கிறதாம். ஒருநாள் இரண்டும் வாயோடு வாய் கவ்வி இழுத்ததைப் பார்த்து யாரோ பதறியபோது அவர் சிரித்தார்.

"சண்டையில்லீங்க, சோடி சேருது."

நானும் நம்பினேன். மெட்ராஸ் போய் வந்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

அவர் ரிக்கோடு வெளியூரில் இருந்த மாதங்களில் தீனி போடுவது என் வேலை. அப்போதெல்லாம் அக்கா சத்தமாகப் பேசுவாள், தாளிக்கும்போது பாட்டுக்கூடப் பாடுவாள். நான் தொட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. வாய் கவ்வுவது எல்லாமே ஒன்றில்லை. சில சமயம் இரண்டும் சமமாகத் தள்ளும், விடும், பிறகு சேர்ந்தே, உள்ளே போட்டிருந்த உடைந்த பூந்தொட்டிக்குள் போகும். சில சமயம் பெண் விட்டுவிட்டுத் திரும்பிக்கொள்ளும், ஆண் விடாது. பெண் வரியெல்லாம் வெளுத்து, துடுப்பை மடக்கி, தலையைச் சாய்த்துத் தோல்வியை ஒப்புக்கொள்ளும். அப்போதும் ஆண் துரத்தும். ஏரியாக இருந்தால் எங்காவது ஓடிப் போயிருக்கும். தொட்டியில் எங்கே போவது?

ஐப்பசி மழை பிடித்ததும் ரிக் வண்டி ஷெட்டுக்கு வந்தது, அவரும் வந்தார். பட்டப்பகலில் அவர்கள் அறைக்கதவு சாத்தியிருக்கும். உள்ளே ஏதோ விழும், வளையல் நொறுங்கும், அப்புறம் எதுவும் கேட்காது. அந்தச் சத்தமில்லாத நேரம்தான் எனக்கு அதிகப் பயம். கரண்டியைக் கையில் பிடித்தபடியே நிற்பேன். பிறகு அக்கா கன்னம் வீங்கி வெளியே வருவாள்.

"பொடக்காளியில வழுக்கி உழுந்துட்டேன் சாமி."

கிணற்றடியும் துவைக்கிற கல்லும் இருக்கிற அந்தக் கொல்லையில்கூட, மாதம் மூன்று தடவை யாரும் வழுக்கி விழ முடியாது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், நாம் தலையிடக் கூடாது என்று சொல்லிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தார். கோழை என்று மனசுக்குள் திட்டினேன். நான் மட்டும் என்ன கிழித்தேன்? அவர் அண்ணனிடம் நான் எதைச் சொல்வதென்றாலும் அக்கா வாயால்தான் சொல்ல வேண்டும். அவளை அடிக்காதீர்கள் என்பதை அவளிடமே எப்படிச் சொல்லி அனுப்புவது?

அந்த வாரம் பெண் மீன் வால் கிழிந்து, காற்றுக் குழாய்க்குப் பின்னால் மேல்மூலையில் ஒண்டியிருந்தது. தீனிக்குக்கூட இறங்கவில்லை. நடுவில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துப் பிரித்துவிட்டால் பிழைக்கும் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். அவள் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் பதிலும் கேட்டது. அடித்துப் பிடித்துத்தான் அது சேருமாம், பொம்பளைகளுக்கு என்ன தெரியுமாம்.

மறுநாள் காலையில் பெண் மீன் செத்து மிதந்தது. ஒரு கண் இல்லை. அவர் அதை டீ வடிகட்டியால் எடுத்து வாசல் சாக்கடையில் வீசினார். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"செத்தாச் சாவுது. வேற பொட்டை வாங்கிக்கலாம்."

அக்கா தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சாய்வை நான் முக்காலியில் உட்கார்ந்து மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அறைக்கதவு சாத்தப்பட்டது. முதல் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் தோட்டத்தில் இருந்தார். நான் எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. கதவைத் தள்ளினேன். தாழ் போட்டிருக்கவில்லை. அவர் சாத்திய கதவை யாரும் திறக்காத எங்கள் வீட்டில் அதற்குத் தேவையே இருந்ததில்லை.

அக்கா சுவர் மூலையில் இருந்தாள். அவர் கையில் பெல்ட்.

"அக்காவ உடுங்க. அவங்க வெளிய வரட்டும்" என்றேன்.

நான் சொன்னதைவிட, நான் பேசியதுதான் அவரைத் திடுக்கிட வைத்தது.

"எங்கிட்டயா பேசற?"

"ஆமாங்க. உங்ககிட்டத்தானுங்க."

குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் அவர் கை பாதியில் நின்றது. நான் ஒதுங்கி, ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழிவிட்டேன். அக்கா என்னை உரசிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்கு பஸ் பிடிக்க ரோட்டை நோக்கி ஓடினாள். அவள் வாசலைத் தாண்டும்வரை காத்திருக்காமல், அவர் பின்னால் போக முடியாதபடி நான் மறுபடியும் கதவு நிலையை அடைத்து நின்றுகொண்டேன்.