நிக்கவும் வேணும், அவுரவும் வேணும்

பந்தல் வேலையில முடிச்சுன்னா விசேஷம் முடியற வரைக்கும் நிக்கணும், முடிஞ்சதும் ஒடனே அவுரணும். ரெண்டையும் ஒரே முடிச்சுகிட்ட கேக்கறது நியாயமான்னு, கயிறு கட்டி பொழைக்கிற கூட்டாளிங்க நீங்களே சொல்லுங்க. காலேஜ வுட்டு நின்ன எனக்கு திருத்தணியில பாயோட ஷாமியானா கடையில வேல கெடச்சுது. அக்கா புருஷன், அதான் எங்க பாவா, அப்பவே சொல்ட்டாரு: இதுவும் போச்சுன்னா அவரோட சிமெண்ட் கடையில, அவரு எதிர்லயே ஒக்காரணும். நாள்பூரா புத்தி சொல்ற மனுஷன்.

மொத முடிச்சு

பொதட்டூர்பேட்டையில ஒரு தறிக்காரர் வூட்டு நிச்சயதார்த்தம். பயத்துல கம்பத்த சுத்தி முடிச்சு மேல முடிச்சா போட்டுட்டேன். ராத்திரி மழையில கயிறு ஊறிப்போச்சு. காலையில அதே ஷாமியானா அரக்கோணம் போவணும், வண்டி நின்னுகினு கீது. நகம் பேந்துச்சு, பல்லு ஆடுச்சு, முடிச்சு ஆடல. கடைசியில பாய் அருவாள எடுத்து நல்ல கயித்த வெட்டினாரு.

"நிச்சயம் பொண்ணுக்குடா. நீ ஏன் கம்பத்துக்கு தாலி கட்டிகீற?"

ஒரே இழுப்பு

அடுத்தது கனகம்மாசத்திரத்துல காதுகுத்து. உஷாராயிட்டேன். நுனிய இஸ்தா பொத்துன்னு அவுர்ற மாதிரி கட்டினேன். தொங்கிகினு இருந்த அந்த நுனியில தாய்மாமன் தன் புது துண்ட முடிஞ்சு வெச்சாரு, காணாம போவக்கூடாதாம். கொழந்தைய மடியில வெச்சுக்க கூப்ட்டதும் துண்ட வெடுக்குன்னு இஸ்தாரு. துண்டு வந்துச்சு. பின்னாடியே பந்தலும் வந்துச்சு.

துணிக்கு அடியில இருந்து காது குத்த வந்த ஆசாரி கொரலு மட்டும் கேட்டுச்சு: "யாரும் அசையாதீங்கப்பா, ஊசி என் கையில கீது."

ஆடிக் கிருத்திக

மலையடிவாரத்துல மோர்ப் பந்தல். இன்னொரு முடிச்சு அவுந்தா அப்படியே பாவா கடைக்கு போய்க்கினே இருன்னு பாய் சொல்லி அனுப்பினாரு. தரையெல்லாம் பாறை. கடப்பாரையால சும்மா கீறி கம்பத்த நட்டேன், என் கவலையெல்லாம் முடிச்சுலதான். கம்பத்த ரெண்டு சுத்து, கயித்து மேலயே ரெண்டு மடக்கு, கடைசி மடக்கு வளையமா, நுனிய எந்த தாய்மாமனுக்கும் எட்டாம மேல சொருகினேன்.

மத்தியானம் காத்து அடிச்சுது. பந்தல் கம்பத்தோட பேந்து, மோர் பானைய ஒடச்சுகினு சரிவுல போய் படுத்துச்சு. காவடிக்காரங்க ஒதுங்கிக்கினாங்க, யாருக்கும் அடியில்ல. பாய் ஓடியாந்து கம்பத்த பொரட்டி பாத்தாரு. முடிச்சு கட்டின எடத்துலயே கீது. நுனிய இஸ்தாரு. ஒரே இழுப்புல அவுந்துச்சு.

"முடிச்சு பாஸ்டா. நாளைக்கு வா, குழி தோண்ட."

தகர டப்பாவுல சிமெண்ட் ஊத்தி நிறுத்தினா கம்பம் அசையாதுன்னு பாய் அப்புறம் கண்டுபுடிச்சதுல, வேல போவாம தப்பிச்ச நான் இப்ப வாராவாரம் சிமெண்ட் மூட்டை வாங்க பாவா கடையில நின்னு புத்தி கேட்டுகினு கீறேன்.