அழிக்கச் சொன்ன பதிவுகள்

அந்தத் தெருவில் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. பேக்கப் சார் என்றால்தான் தெரியும். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் யார் காலை வைத்தாலும், வாங்க என்று சொல்வதற்கு முன்பே, "பேக்கப் எடுத்தீங்களா?" என்று கேட்பார். கீபோர்டில் ஒரு பட்டன் போய்விட்டது என்று வந்தவர்கூட இதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்கார முடியும். சுவரில் ஒரு பலகை வேறு: "பேக்கப் எடுக்காதவர்கள் இங்கே அழக் கூடாது." அழுதவர்கள் உண்டு. அவர்களுக்குப் பலகையைக் காட்டுவார், பிறகு தண்ணீர் கொடுப்பார், பிறகு மூன்று நாள் மல்லுக்கட்டி ஃபைல்களை மீட்டுக் கொடுப்பார். கைராசிக்காரர். வாய்தான் கொஞ்சம் நீளம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மீட்ட ஃபைல்களை அவராகத் திறந்து பார்க்க மாட்டார். வந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஏதாவது ஒரு ஃபைல் பேரைச் சொல்லுங்க" என்பார். அதை மட்டும் திறந்து காட்டிவிட்டு மூடிவிடுவார். அடுத்தவர் அலமாரியைக் குடையக் கூடாது என்பது அவர் கொள்கை.

இப்பேர்ப்பட்ட மனிதர் சொந்த வீட்டில் கோட்டைவிட்டார்.

அவர் மனைவிக்குக் காலையில் ஓர் அலுவலகத்தில் வேலை. மத்தியானம் வீடு திரும்பியதும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண் பார்வை இல்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்வாள். சம்பளம் கிடையாது. அப்போது கையில் இருந்தது ஒரு பொருளாதாரப் புத்தகம், பதினெட்டுப் பாடம், ஒரே ஒரு பெண்ணுக்காக. அவளுக்குப் பன்னிரண்டு நாளில் பரீட்சை. படித்துப் பதிவு செய்து, இருமலையும் தடுமாற்றத்தையும் வெளிச்சத்தங்களையும் வெட்டி எடுத்து, எல்லாப் பாடத்தையும் சுத்தம் செய்து முடிக்க இரண்டு மாதம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. வெட்டாத பழைய பதிவுகளையும் அவள் அப்படியே வைத்திருந்தாள். "இடத்தை அடைக்குது, அழிச்சிடு" என்று இவர் மாதம் ஒரு முறை நச்சரிப்பார். "இருக்கட்டுமே" என்பாள்.

அவள் பதிவு செய்யும் கம்ப்யூட்டரில் ஓடியது பழைய ஆபரேட்டிங் சிஸ்டம். புதிதாக மாற்றுகிறேன் என்று இவர் துடித்தபோது, "பரீட்சை முடியட்டும், அப்புறம் என்ன வேணா பண்ணுங்க" என்று சொல்லியிருந்தாள். கேட்டால்தானே? ஞாயிறு காலை அவள் காய்கறி வாங்கப் போன நேரம், இவருக்குக் கை துறுதுறுத்தது. அந்த மாதம் மட்டும் முப்பது பேருக்குச் செய்த வேலை. அவள் திரும்புவதற்குள் முடித்துவிட்டால் சந்தோஷப்படுவாள் என்று ஒரு நினைப்பு. பேக்கப் எடுக்கும் டிஸ்க் கடையில் இருந்தது. இரண்டு தெரு போய் வர வேண்டும், வெயில் வேறு. ஊருக்குத்தானே உபதேசம்.

புது சிஸ்டம் ஏறிக்கொண்டே போய், அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது. அசையவில்லை. எத்தனை நேரமானாலும் காத்திருங்கள், பவர் பட்டனைத் தொடாதீர்கள் என்று ஊருக்கே சொல்கிறவர்தான். ஆனால் வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டதும், திருடித் தின்னும் பிள்ளையைப் போலப் பதறி, பட்டனை அமுக்கிவிட்டார். அதற்குப் பிறகு திரை கறுத்தது. ஒரு வெள்ளை வட்டம் சுற்றியது, அணைந்தது, மறுபடி சுற்றியது.

மனைவி பையைக் கீழே வைத்தாள். வட்டத்தைப் பார்த்தாள்.

"பேக்கப் எடுத்தீங்களா?"

இருபது வருடத் தொழிலில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கடையில இருக்கிற பலகையக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டு வாங்க. நான் அழாம இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோய், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினார். சுத்தம் செய்த பதினெட்டுப் பாடத்துக்கும் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டு நாள் முட்டி மோதியும், நாலு நிமிடம் பேசிவிட்டு இரைச்சலாகிவிடும் துண்டுகள்தான் தேறின. டிஸ்க்கின் மறுபகுதியில் மட்டும் ஒரு ஃபோல்டர் முழுசாகக் கிடந்தது. அழி அழி என்று இவர் நச்சரித்த அந்த வெட்டாத பதிவுகள்.

மனைவி அந்தப் பெண்ணிடம் போனில் ஒளிக்காமல் சொன்னாள். "பரவாயில்லக்கா, வெட்டாததையே குடுங்க, கேட்டுக்கறேன்" என்றாள் அந்தப் பெண்.

"எங்க வீட்டு ரகளையெல்லாம் கேட்டுக்கிட்டா நீ படிக்கணும்?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

"நான் வெட்டித் தர்றேன்" என்றார் இவர்.

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப முழுசாக் கேக்கணும். ஒண்ணு மட்டும் திறந்து பாக்கற கதையெல்லாம் இங்க நடக்காது."

கடையைப் பாதிநாள் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் முணுமுணுப்பாக மட்டுமே கேட்டிருந்த குரல், காதுக்குள் நிதானமாக, அட்டவணையைக்கூட அவசரப்படாமல் படித்தது. இவ்வளவு நன்றாகப் படிப்பாளா என்று வியந்துகொண்டிருக்கும்போதே, "வண்டிச் சாவி எங்க?" என்று ஒரு கத்தல். அவருடைய குரல்தான். "மேல் அலமாரியில" என்று அவள் பதில் சொன்னாள், மூச்சு விட்டாள், அந்த வாக்கியத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாம் பாடத்திலும் சாவி. நான்காம் பாடத்தில் டீ, ஏழில் சட்டை, மறுபடி சாவி. திரையில் அவள் குரல் சின்னச் சின்ன மேடாக ஓடியது, அவர் குரல் சுவர் மாதிரி எழுந்து நின்றது. வெட்ட வேண்டிய இடத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை.

பதினோராம் பாடத்தில், "இன்னும் முடியலையா? பைசாவுக்குப் பிரயோஜனமில்லாத வேலைக்கு இவ்வளவு நேரமா?" என்று அவருடைய குரல் கேட்டது. பதிவு நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கோ ஒரு வண்டி போனது. பத்தொன்பது விநாடி கழித்து, தாளைத் திருப்பும் சத்தம். அதே வாக்கியம், முதலிலிருந்து, அதே நிதானத்தில்.

என்றைக்குச் சொன்னோம் என்று அவருக்கு நினைவுகூட இல்லை. வெட்கமாக இருந்தது. பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிய முடிய ஒவ்வொரு பாடமாக அனுப்பினார். பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது கடைசிப் பாடமும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் போன் செய்தாள். "ரொம்பத் தெளிவா இருக்குக்கா. உங்க வீடு அவ்வளவு அமைதியா?"

மனைவி இவரைப் பார்த்தாள். "ஆமாம்மா, ரொம்ப" என்று சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

போனை வைத்துவிட்டு, "பதினோராவது பாடமும் கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன்."

"பழசையெல்லாம் இனிமே அழிச்சிடலாமே. இடத்தை அடைக்குது."

"வேண்டாம், இருக்கட்டும். பதினோராவதுக்கு மட்டும் ரெண்டு பேக்கப் எடுத்து வச்சிருக்கேன்."

அவள் அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. இவர் கடைக்குக் கிளம்பினார். வண்டிச் சாவியைக் காணோம். மேஜையில் பார்த்தார், சட்டைப் பையில் பார்த்தார், நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திப் போட்டு ஏறி மேல் அலமாரியிலும் பார்த்தார். உள்ளே முதல் பாடம் ஆரம்பித்திருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசல் வரை வெறுங்காலில் போய், இரண்டு தெருவும் நடந்தே போனார்.