ரயில் பங்களாவின் பச்சை

கேமரன் மலைக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் மலையடியில் தாப்பா ரோடு ஸ்டேஷன் வரை இறங்க வேண்டும். ஆனாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, பிரிஞ்சாங் போகிற பாதையோரத்து மேட்டில், ரயில் பங்களா என்று ஒரு கட்டடம் இருந்தது. ரயில் இலாகாவின் வெள்ளைக்கார அதிகாரிகள் லீவுக்கு வந்து தங்குகிற இடம். கீழே இருக்கிற ஸ்டேஷன்களைப் போலவே மரத்தூண், மரச்சன்னல், கூரை ஓரத்தில் பூவெட்டுப் பலகை எல்லாம் வைத்துக் கட்டியிருந்தார்கள்.

நான் தோட்டத்துத் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கிறவன். ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வெள்ளைக்காரப் பட்டாளத்து ஆள் ஒருவன் வந்து, அந்தப் பங்களா விமானத்திலிருந்து பளிச்சென்று தெரியும், கறுப்பாக்கிவிடு என்றான். நானும் பக்கத்து வீட்டுக்காரனும் ஏறித் தார் பூசினோம். விமானம் ஒன்றும் வரவில்லை. ஜப்பான்காரன் ரோட்டு வழியாகத்தான் வந்தான்.

வந்ததும் ஒரு அதிகாரி அந்தப் பங்களாவிலேயே குடியேறினான். தோட்டம் முழுக்க அவன் பொறுப்பு. நாங்கள் அவனை ஜப்பான் துரை என்போம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மரவள்ளி நடச் சொன்னான். அதைத்தான் தின்றோம். அரிசி கண்ணில் படவில்லை. பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சயாம் லோரியைத்தான் பொறுக்க முடியவில்லை. சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், ஆள் வேண்டுமாம். லோரி வந்து நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கு முன்னால் நிற்கும். கைகால் திடமாக இருக்கிறவனை ஏற்றிக்கொண்டு போகும். போனவர்களில் ஒருவரிடமிருந்தும் தகவல் இல்லை.

அப்படி ஒரு லோரி வந்து போன பிறகு, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி என்னை ஆபீசுக்குப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"அந்தப் பங்களா முன்னாடி என்ன நிறத்துல இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"நாங்க தார் பூசறதுக்கு முந்தியா?"

"மெதுவா பேசுடா. வெள்ளைக்காரனே பூசிட்டுப் போயிட்டான்னு சொல்லி வச்சிருக்கேன்."

விஷயத்தைச் சொன்னார். ஜப்பான் துரை தாப்பா ரோட்டுக்குப் போயிருக்கிறான். அங்கே ரயிலுக்கெல்லாம் பெரியவன் ஒருவனைப் பார்த்திருக்கிறான். அந்தப் பெரியவன் சண்டைக்கு முன்னால் மலைக்கு வந்து, ரயில் இலாகாவின் விருந்தாளியாக ரயில் பங்களாவில் தங்கியவனாம். "அந்த அழகான வீடு இன்னும் அப்படியே இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறான். துரை எழுந்து நின்று, "அப்படியே இருக்கிறது" என்று சொல்லிவிட்டான். அப்படியானால் ஓய்வெடுக்க வருகிறேன் என்று பெரியவனும் சொல்லிவிட்டான்.

"வீடு கரிச்சட்டி மாதிரி நிக்குது. இவன் பேயறைஞ்ச மாதிரி அலையறான்," என்றார் கிராணி. "பழைய நிறத்தக் கொண்டு வர முடியுமா? முடியும்னா வேலை முடியிற வரைக்கும் உன்னையும் உன்கூட ஏணி பிடிக்கிறவனையும் சயாமுக்கு அனுப்ப மாட்டான். முடியாதுன்னு மட்டும் சொல்லிடாத."

முடியும் என்றேன். வேறு என்ன சொல்ல?

தாரை எடுப்பது லேசான காரியம் இல்லை. அதற்கு மேலே எந்த நிறத்தை அடித்தாலும் ரெண்டு நாளில் பழுப்பாகக் கசிந்து வெளியே வந்துவிடும். சுரண்டித்தான் ஆக வேண்டும். மண்ணெண்ணெய் கிடையாது. உடைந்த பாட்டில் துண்டும் தேயிலைச் செடி வெட்டுகிற பழைய கவாத்துக் கத்தியும் வைத்துக்கொண்டு நானும் பக்கத்து வீட்டுக்காரனும் தூண் தூணாகச் சுரண்டினோம். விரல் நுனி எல்லாம் வெடித்துப்போனது. துரை வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். கையில் பிரம்பு இருக்கும்.

கறுப்புக்கு அடியில் பச்சை தெரிந்தது. ஓரிடத்தில் பக்கத்து வீட்டுக்காரன் அழுத்திச் சுரண்டிவிட, பச்சையும் போய் அதற்கு அடியில் செங்காவி தெரிந்தது. துரை கிட்டே வந்து அதை நகத்தால் தொட்டுப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கிராணியைக் கூப்பிட்டு என்னவோ சொன்னான்.

"இவங்கப்பா ஸ்டேஷன் மாஸ்டராம். ரயில் கட்டடம்னா இந்த நிறம்தானாம். இதையே அடிக்கச் சொல்றான்," என்றார் கிராணி. பிறகு தன் பங்குக்கு, "கீழ ஸ்டேஷன்லகூட காவிதான் பார்த்த ஞாபகம்," என்றார்.

நான் தலையாட்டினேன். ஆனால் நான் தார் பூசியது பச்சைமேல்தான், அது எனக்கு நன்றாகத் தெரியும். பங்களாவுக்கு ரெண்டு காலம் இருந்திருக்கிறது. முதலில் காவி, பிறகு பச்சை. அந்தப் பெரியவன் எந்தக் காலத்தில் வந்து தங்கினான்? அதைத் துரையிடம் கேட்க முடியாது. துரையாலும் பெரியவனிடம் கேட்க முடியாது. அப்படியே இருக்கிறது என்று சொன்னவன் எந்த நிறம் என்று எப்படிக் கேட்பான்?

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். சண்டைக்கு முன்னால் அவள்தான் அந்தப் பங்களாவில் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தவள். மரவள்ளியைச் சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒல்லியா, கண்ணாடி போட்ட ஜப்பான்காரரா? பூவாப் பார்த்துப் போட்டோ புடிப்பாரே?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்படி ஒருத்தர் வந்தாருங்க. ஈப்போவுலேருந்து ஆள் வந்து பச்சை அடிச்ச சமயம். வராந்தாக் கட்டைல காயறதுக்கு முன்னாடி சாஞ்சுட்டாரு. வெள்ளைக் கோட்டு, கையெல்லாம் பச்சை. நான்தான் துவைச்சேன். என்ன தேய்ச்சும் போகல. திட்டப்போறாருன்னு நடுங்கிக்கிட்டே கொண்டுபோய்க் குடுத்தேன், சிரிச்சாரு."

"அவர்தான் இவருன்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்ல. ஆனா அந்தப் பங்களாவுல நான் பார்த்த ஒரே ஜப்பான்காரர் அவர்தான்."

மறுநாள் ஏணியடியில் பக்கத்து வீட்டுக்காரனிடம் இதைச் சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை.

"எதுக்கு மச்சான் வம்பு? அவன் காவின்னு சொல்றான், காவியை அடிச்சிட்டுப் போவோம். நீ சொன்னதைத்தானே செஞ்சோம்னு சொல்லிக்கலாம்லா."

"பெரியவன் வந்து இது இல்லையேன்னு கேட்டா, இவன் யாரை அடிப்பான்? தன்னையேவா அடிச்சுக்குவான்?"

அவன் ஏணியை அடுத்த தூணுக்கு நகர்த்தினான். பிறகு, "சொல்றதுன்னா இன்னிக்கே சொல்லிடு. தினம் தினம் பயந்துகிட்டே ஏணி ஏற முடியல," என்றான்.

வாசல் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் சுரண்டினேன். நடுவில் வெறும் மரம், அதைச் சுற்றிக் காவி, அதைச் சுற்றிப் பச்சை, வெளியே தார். கிராணியை வைத்துக்கொண்டு துரையிடம் காட்டினேன். காவி பழசு, பச்சைதான் கடைசி, வந்தவர் பார்த்தது பச்சையாக இருக்கும் என்றேன். கிராணி அதை மலாயில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் என் கன்னத்தில் அறை விழுந்தது. காது கிண்ணென்றது. நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்த அடி விழவில்லை. மெதுவாகப் பார்த்தேன். துரை கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவியைக் கூட்டிவரச் சொன்னான். அவள் வந்து இடுப்பு வளையக் குனிந்து நின்று, எனக்குச் சொன்னதையே அவனுக்கும் தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். கண்ணாடி, ஒல்லி, போட்டோ. துரை அவளை ரொம்ப நேரம் முறைத்தான். தாப்பா ரோட்டில் தான் பார்த்த ஆளை மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கிறான் என்று பட்டது. கடைசியில் பச்சையே அடி என்றான். தப்பாக இருந்தால் என்னையும் என் மனைவியையும் விட மாட்டான் என்பதையும் கிராணி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

எந்தப் பச்சை என்பது அடுத்த தொல்லை. தாருக்கு அடியில் இருந்த பச்சை தார் ஏறிக் கறுத்துப்போயிருந்தது. தார் படாத இடமாகத் தேடினோம். பங்களாவின் பெயர்ப்பலகையைக் கழற்றினால் பின்னால் கொஞ்சம் சுத்தமாக இருந்தது. ஆனால் அது அழுகின இலை மாதிரி மஞ்சளும் பச்சையுமாகக் கிடந்தது. என் மனைவி பார்த்தவுடனே தலையை ஆட்டினாள்.

"இது இல்ல. கொழுந்து நிறமா இருக்கும்."

எண்ணெய்ப் பெயிண்ட் இருட்டில் கிடந்தால் மஞ்சளடிக்கும். தொழிற்சாலையில் பழைய அலமாரிகளில் நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் வைத்தால் தெளியும். அந்த இடத்துப் பலகையில் ஒரு துண்டை அறுத்து எடுத்து வெயிலுக்கு வைத்தேன். வெயில்தான் வரவில்லை. மழைக்காலம் அது. காலையில் மூடுபனி, மத்தியானம் மழை, சாயங்காலம் மறுபடியும் பனி. பெரியவன் வருகிற நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. துரை காலையும் மாலையும் வந்து பலகையை எடுத்துப் பார்ப்பான், எங்களைப் பார்ப்பான், வைத்துவிட்டுப் போவான். என் மனைவிக்கு உதடு அசைந்துகொண்டே இருக்கும். வெள்ளைக்காரன் மதம் என்று அடிப்பானோ என்று ஜெபமாலையை வெளியே எடுக்கப் பயம்.

ஒருவழியாக மழை விட்டது. தொடர்ந்து சில நாள் நல்ல வெயில். பலகையில் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, அடியிலிருந்து இளம்பச்சை எழுந்து வந்தது. என் மனைவி அதைத் தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதேதாங்க," என்றாள்.

பெயிண்ட் கடையில் வாங்குகிற காலமா அது? தொழிற்சாலையில் மெஷினுக்கு அடிக்கிற கரும்பச்சை அரை டின் இருந்தது. திரிங்காப்பில் காய்கறி போடுகிற சீனர் ஒருவர் வெள்ளைப் பெயிண்டை மண்ணில் புதைத்து வைத்திருந்தார். கிராணி போய்க் கேட்டு வாங்கி வந்தார். ரோட்டு வெட்டில் கிடைத்த மஞ்சள் மண்ணை அரைத்துத் துணியில் சலித்தோம். கலந்து, பூசி, காயவிட்டு, பலகையோடு ஒப்பிட்டு, மறுபடியும் கலந்து. கடைசித் தூணை முடித்தபோது இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

பெரியவன் ஒரு காலை நேரத்தில் காரில் வந்து இறங்கினான். ஒல்லியான ஆள். கண்ணாடி போட்டிருந்தான். ஆனால் நரைத்து, நோய் கண்டவன் மாதிரி இருந்தான். நாங்கள் எல்லோரும் படிக்கட்டுக்குக் கீழே வரிசையாகக் குனிந்து நின்றோம். துரை சிலை மாதிரி நின்றான். பெரியவன் தூண்களைப் பார்த்தான், சன்னலைப் பார்த்தான். வராந்தாவுக்கு ஏறினான். கைப்பிடிக் கட்டையில் சாயப்போனவன் சட்டென்று நின்று, ஒரு விரலால் அதைத் தொட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் சிரித்தான்.

அந்த ஆளேதான். அதற்குள் பக்கத்தில் அசைவு தெரிந்தது. என் மனைவி வரிசையை விட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கையை எட்டிப் பிடிக்கக்கூட எனக்கு நேரமில்லை. படிக்கட்டுக்குக் கீழே மண்டியிட்டாள்.

"துவான், அந்தக் கோட்டைத் துவைச்சவ நான்."

துரை பாய்ந்து வந்தான். பெரியவன் கையைக் காட்டி அவனை நிறுத்தினான். அவளை உற்றுப் பார்த்தான். மலாயில் கேட்டான்: "கறை போகவே இல்லை, தெரியுமா?"

"தெரியும் துவான்."

"என்ன வேண்டும்?"

"என் புருஷனைச் சயாமுக்கு அனுப்பக்கூடாது."

பெரியவன் சிரிப்பு நின்றுவிட்டது. சயாம் என்றால் என்னவென்று எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். துரையிடம் திரும்பி ரெண்டு மூன்று வார்த்தை சொன்னான். துரை "ஹை" என்று குனிந்தான். அவ்வளவுதான். பெரியவன் உள்ளே போய்விட்டான்.

அவன் போன பிறகு அடுத்த லோரி வந்தது. என்னைத் தொடவில்லை. பெயிண்ட் வேலை முடிந்துவிட்டதால் பக்கத்து வீட்டுக்காரனை ஏற்றினார்கள். என் மனைவி "என் புருஷன்" என்றுதான் கேட்டிருந்தாள். கூட ஏணி பிடித்தவனை அந்த நேரத்தில் அவளுக்கு நினைவு வரவில்லை. நினைவு வந்திருந்தாலும் ரெண்டு பேரைக் கேட்கத் துணிந்திருப்பாளா, தெரியாது. லோரியில் அவன் என்னைத் தேடிப் பார்த்துக் கையைத் தூக்கினான். அவன் பெண்டாட்டி ரோடு வளைகிற வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். அதன் பிறகு அவள் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாங்கள் கொண்டுபோய் வைத்த கிழங்கை மட்டும் பிள்ளைகளுக்காக எடுத்துக்கொள்வாள்.

சண்டை முடிந்து, போனவர்களில் ஒருசிலர் திரும்பினார்கள். அவனும் வந்தான். ஒரு கால் புண் ஆறிச் சூம்பி, குச்சியை ஊன்றிக்கொண்டு வந்தான். வந்த மறுநாள் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தான். என் மனைவி அவனுக்குக் கஞ்சி ஊற்றினாள். அவன் ரெண்டு வாய் குடித்திருப்பான். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு நான் இவருக்கு மட்டும்தான் கேட்டேன். உங்களையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். கேட்கல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கஞ்சியைக் கடைசி வரைக்கும் குடித்தான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"என் பொண்டாட்டி அங்க மண்டி போட்டிருந்தாலும் எனக்கு மட்டும்தான் கேட்டிருப்பா," என்றான். "இன்னும் கொஞ்சம் ஊத்துமா."