பரீத் பாய் சுரண்டிய நம்பர்

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சேக் பரீதுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பீடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. எந்தப் பெட்டியைச் செய்தாலும் வெளியே கொடுக்கும் முன், அதிலுள்ள ஐ.சி. என்ற கறுப்புச் சில்லுகளின் முதுகில் அச்சடித்திருக்கும் நம்பரை உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிடுவார். நம்பர் தெரியாவிட்டால் அடுத்தவன் அதே மாதிரி செய்ய முடியாது; கெட்டுப்போனால் இவரிடமே வந்தாக வேண்டும். அந்தக் காலத்து மெக்கானிக்குகளில் பாதிப் பேர் செய்த வேலைதான். ஆனால் எங்கள் பாய் அளவுக்கு வழவழவென்று தேய்த்தவர் கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் யாருமில்லை.

துணி வியாபாரியின் மகன். பத்தாவதோடு படிப்பை விட்டு, தபாலில் பாடம் வரவழைத்து ரேடியோ கற்றவர். யாரும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. தட்டுத்தடுமாறிக் கற்றதை எவனுக்கும் சும்மா தரக்கூடாது என்ற வைராக்கியம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

இப்படிப்பட்ட மனுஷருக்கு வாய்த்த கூட்டாளி ஞானசிகாமணி. தேனி பஜாரில் எலக்ட்ரிக் சாமான் கடைக்காரர். கையில் உள்ளதை ஒளிக்கவே தெரியாத ஆள். 1981-ல் இருவரும் ஒரு பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து, மெட்ராஸிலிருந்து சாமான் தருவித்து, ஒரு கம்ப்யூட்டர் செய்தார்கள். கம்ப்யூட்டர் என்றதும் டி.வி. பெட்டி மாதிரி ஒன்றை நினைத்துவிடாதீர்கள். ஒரு பலகை, இருபது பொத்தான், சிவப்பாக எரியும் ஆறு எழுத்து. அவ்வளவுதான். மூன்றும் நாலும் ஏழு என்று அது காட்டிய ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைக்குள்ளேயே குதித்தார்களாம்.

சர்க்கிட் பாயுடையது. உள்ளே ஓடும் புரோகிராம் சிகாமணியுடையது. மேகமலையில் சுருளியாண்டி என்பவருக்குச் சின்ன ஏலக்காய்த் தோட்டம். பறித்த காயை ஸ்டோருக்குள் அடுப்புச் சூட்டில் உலர்த்த வேண்டும். சூடு மிஞ்சினால் பச்சை நிறம் போய்விடும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். சிகாமணி இரண்டு வருஷப் பறிப்பிலும் அந்தப் புகைக்குள் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்து, எத்தனையாவது மணிக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று கண்டுபிடித்தார். அதை ஒரு நோட்டில் நாலு பக்க எண்களாக எழுதி, மதுரையில் தெரிந்தவர் ஒருவரின் லேபில் ஒரு ஐ.சி.க்குள் பதித்துக்கொண்டு வந்தார். அதை வைத்துப் பாய் ஸ்டோருக்கென்று செய்துகொடுத்த பெட்டி, சூட்டைப் பார்த்து விசிறியை ஓட்டும், நிறுத்தும், ஆளைக் கூப்பிட மணி அடிக்கும். காய் பச்சைப் பசேலென்று இறங்கியது.

அப்புறம்தான் இருவருக்கும் முட்டிக்கொண்டது. நாலு பக்கத்தையும் சர்க்கிட் படத்தையும் கேட்கிறவருக்கெல்லாம் கொடுத்துவிடுவோம் என்றார் சிகாமணி. நாம் மண்டையை உடைத்துக்கொண்டதை எவனோ அள்ளிக்கொண்டு போவதா என்று பாய் குதித்தார்.

"அள்ளுனா குறையிற பண்டமா பாய் இது?" என்று கேட்டார் சிகாமணி. பாய் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

1985 சித்திரையில் சிகாமணி மஞ்சள் காமாலையில் போய்விட்டார். முப்பத்தெட்டு வயது. அவர் மனைவி கிருபாவதி அந்த நோட்டைக் கொண்டுவந்து பாய் கையில் கொடுத்தார்.

அடுத்த வாரம் போடியிலிருந்து ஆதித்தன் என்ற மெக்கானிக் வந்தார். ஏலக்காய்ப் பெட்டியின் சர்க்கிட் படம் கிடைக்குமா என்று பணிவாகத்தான் கேட்டார். பாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் போன துக்கம் ஆறவில்லை, அதற்குள் வந்துவிட்டான் பாருங்கள் என்று ஆத்திரம். அப்படியொரு படமே இல்லை என்று துரத்தாத குறையாக அனுப்பினார். அனுப்பிய கையோடு நோட்டிலிருந்த நாலு பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டார். ஐ.சி.க்குள் பத்திரமாக இருக்கிறதே, தாள் எதற்கு? பாவி மனுஷன் அத்தோடும் விடவில்லை. மேகமலை ஏறிப்போய், சிகாமணிக்காகத் தேய்க்காமல் விட்டிருந்த அந்தப் பெட்டியின் நம்பர்களை ஒன்றுவிடாமல் தேய்த்தார். புரோகிராம் இருந்த ஐ.சி.யின் மேல் சிகாமணி கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் நம்பர் எழுதியிருந்தார். அதையும் உரித்தெறிந்தார்.

அந்த டேப் நம்பர் எழுத ஒட்டியதல்ல. அந்த வகை ஐ.சி.யின் முதுகில் சின்னக் கண்ணாடித் திறப்பு இருக்கும். அதில் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே பதித்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிடும். பதிக்கிற வேலை முழுக்கச் சிகாமணி பார்த்ததால் பாய்க்கு இது தெரியாது. பெட்டியோ மூடியில்லாமல், காற்றாட ஜன்னலோரத்தில் இருந்தது.

புரட்டாசியில், பறிப்பு மும்முரமான நேரத்தில், பெட்டி நின்றுபோனது. சுருளியாண்டி சொல்லியனுப்ப, பாய் போய் அந்த ஐ.சி.யைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். முதலில் செய்த பழைய கம்ப்யூட்டர் பலகையில் மாட்டி, பொத்தானை அழுத்தி ஒவ்வொரு இடமாகப் படித்தார். எஃப் எஃப். அடுத்ததும் எஃப் எஃப். ஒன்றுமே பதியாத ஐ.சி. அப்படித்தான் காட்டும். ஐந்நூற்றுப் பன்னிரண்டு இடத்தையும் அழுத்திப் பார்த்தார். சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. சிகாமணி கண்ணெரிய உட்கார்ந்திருந்த இரண்டு வருஷம் இனி உலகத்தில் எங்கேயும் இல்லை. டேப் எதற்கென்று மதுரை லேப்காரர் போனில் சொல்லி, அழித்தது தன் கைதான் என்று புரிந்தபோது, சிகாமணி செத்த அன்றைக்குக்கூட அழாதவர், வாய்விட்டு அழுதார்.

மறுநாள் தேனிக்குப் போய்க் கிருபாவதியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தாளை எரித்ததைச் சொல்லும்போது அந்த அம்மாள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"அவுக போன வருசமே அதுக்கு ஒரு காப்பி எழுதி போடி ஆதித்தனுக்கு அனுப்பிட்டாக அண்ணே," என்றார் கிருபாவதி. "நீங்க கோவிப்பீகன்னு உங்ககிட்ட சொல்லாம இருந்தாக."

துரத்திவிட்ட ஆளின் வாசலில் போய் நிற்பது லேசான காரியமில்லை. ஆனாலும் பாய் அங்கிருந்து நேராகப் போடிக்கு பஸ் ஏறினார். ஆதித்தன் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மேஜையிலிருந்து நாலு தாளை எடுத்து நீட்டினார். சிகாமணியின் கையெழுத்து. கடைசித் தாளின் அடியில் இப்படி எழுதியிருந்தது: "யார் கேட்டாலும் இதைக் கொடுங்கள். சர்க்கிட் படம் பரீத் பாயிடம் இருக்கிறது. கேட்டால் மறுக்காமல் கொடுப்பார்."

"இதை நம்பித்தான் பாய் அன்னைக்கு வந்தேன்," என்றார் ஆதித்தன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

பாய் ஒரு தாளும் பென்சிலும் கேட்டு வாங்கினார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முழுப் படத்தையும் போட்டார், ஒவ்வொரு ஐ.சி.க்கும் பக்கத்தில் அதன் நம்பரை எழுதினார். முடித்ததும் இரண்டு கையாலும் அதை ஆதித்தனிடம் கொடுத்தார்.

"அவரு எழுதுனது நெசந்தான் தம்பி," என்றார். "நாந்தான் அஞ்சு மாசம் பிந்திட்டேன்."