பனியன் முதுகில் சாய்ந்த எழுத்து

அக்கா பள்ளிக் கபடி அணியில் சேர்ந்த வருடம், அணிக்குப் பனியன் அச்சடிக்கும் வேலை மாமாவுக்கு வந்தது. மாமா அம்மாவின் தம்பி. கள்ளக்குறிச்சியில் அச்சுக் கடை வைத்திருந்தார். முதுகில் எந்த எழுத்தில் பெயர் போடுவது என்று பார்த்து வர அக்கா சங்கராபுரத்தில் பஸ் ஏறியபோது, தங்கையான நானும் ஒட்டிக்கொண்டேன்.

மாமா அக்காவின் பெயரை ஆங்கிலத்தில் அடித்து, திரையில் எழுத்துகளை மாற்றி மாற்றிக் காட்டினார். கொடிபோல வளைந்து ஓடியதை, "இது கல்யாணப் பத்திரிகைக்கு" என்று தள்ளினார். அடுத்தது தடித்த எழுத்து. கோடு முடிகிற இடமெல்லாம் செங்கல் வைத்ததுபோலப் பட்டையான பாதம். அக்கா முகம் சுளித்தாள். "அரிசி மூட்டையில போடறாப்புல கீது மாமா."

மாமா எதையோ தட்டினார். அதே எழுத்து வலப்பக்கம் சாய்ந்தது. பாதங்கள் தட்டையாகவே நின்றன. உடம்பு மட்டும் முன்னால் போயிற்று. கபடியில் காலை ஊன்றிக்கொண்டு எட்டி நடுக்கோட்டைத் தொடப் பார்க்கிறவள்போல இருந்தது.

"இதுதான்" என்றாள் அக்கா.

"சின்னதா போட்டா மை அடைச்சிக்கும். புக்குல போட்டா பக்கம் பக்கமா படிக்கவும் முடியாது. ஆனா மைதானத்துக்கு அந்தாண்டருந்து பாத்தாலும் பேரு தெரியும்" என்றார் மாமா.

பனியன் அச்சாகி வந்ததும், வீட்டில் அப்பா அதை விரித்து நெடுநேரம் பார்த்தார். கரும்பு வெட்டப் போகிறவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

"இன்னா எழுதிகீது?"

"என் பேருப்பா."

"ஏன் சாஞ்சிகினு கீது? உழுந்துடாதா?"

"ஓடறாப்புல இருக்கணும்னுதான்."

"பொம்பளப் புள்ள பேர முதுவுல எழுதி ஊருக்கே காட்டணுமா" என்றபடி வெளியே போய்விட்டார்.

உளுந்தூர்பேட்டைப் போட்டிக்கு அவர் வரவில்லை. அக்காவின் அணி முதல் சுற்றிலேயே தோற்றது. மறுநாள் அம்மா பனியனைத் துவைத்துக் கொடியில் போட்டாள். வேலைக்குக் கிளம்பிய அப்பா அதை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுவிட்டுப் போனார். பெயர் மறைந்தது. அதன்பிறகு எப்போது துவைத்தாலும் இதே கதைதான். அக்கா பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். அப்பாவோடு பேசுவதை மெல்லக் குறைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது முடிந்ததும் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். அக்கா வீட்டில் கேட்கவே இல்லை. "பேரையே மறைக்கிறாரு, எங்க அனுப்பப் போறாரு" என்றாள் என்னிடம். ஆட்டம் அத்தோடு நின்றது.

பல வருடம் கழித்து, என் கம்பெனி கொடுத்த பனியனில் எழுத்து வெடித்துவிட்டதென்று மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நேரா வெயில்ல காட்டனா வெடிக்கத்தான் செய்யும். திருப்பிக் காயப்போடணும். உங்கப்பா இதக் கேக்கறதுக்குன்னே அப்ப கடைக்கு வந்தாரு. பொண்ணு பேரு உரியாம இருக்க இன்னா பண்ணணும்னு கேட்டுகினு போனாரு."

பனியனைத் திருப்பிப் போட்ட பிறகு, அப்பா அதன் முதுகை உள்ளங்கையால் மெதுவாக நீவிவிடுவார். அதையும் நான் பார்த்திருக்கிறேன். மறைக்கிறவர் எதற்காக நீவுகிறார் என்று யோசிக்கிற வயது அப்போது எனக்கு இல்லை.