பேஸ்மென்ட்டில் இருந்த ஜனாதிபதி

டெக்சஸில், ஃபிரிஸ்கோ ஊர்க் கடை ஒன்றில் கருப்பு ரை ரொட்டியின் புளிப்பு வாசனை முகத்தில் அடித்ததும் தள்ளுவண்டியை அப்படியே நிறுத்திவிட்டேன். சின்ன வயதில் நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டில், இப்போது இடிக்கப்பட்டுவிட்ட அந்த வீட்டின் பேஸ்மென்ட்டில் இருந்த வாசனை அது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனபின், எஸ்டோனியாவிலிருந்து தப்பி வந்த ஆன்ட்டி என்னைப் பார்த்துக்கொண்ட இடம். வீட்டைச் சூடாக்கும் பாய்லர் உறுமிக்கொண்டே இருக்கும், சுவரில் மாட்டியிருந்த படத்திலிருந்து மீசைக்காரர் ஒருவர் என்னையே பார்ப்பார். அவர் தங்கள் நாட்டு ஜனாதிபதி, சோவியத்காரர்கள் அவரைப் பிடித்துப்போய்க் கடைசியில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள், நான்தான் ஜனாதிபதி என்று அவர் விடாமல் சொன்னதைத்தான் நோய் என்று எழுதினார்கள் என்று ஆன்ட்டி ஒருநாள் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார். சொல்லும்போது கத்தி ரொட்டியைக் கிழித்துவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மா எனக்குத் தலை பின்னியபடி, "நாளைக்கு புது ஸ்கூல். டீச்சர் கேட்டா நீ யாரு, எந்த ஊருன்னு பயப்படாம சொல்லணும், சரியா?" என்றாள்.

மறுநாள் டீச்சர் சிரித்த முகத்தோடு என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, நீ யார், எந்த ஊர் என்று கேட்டார். எங்கேயோ ஒரு பாய்லர் உறுமியது. எனக்கு ஒரு நோயும் இல்லை என்று காட்ட, நான் வாயையே திறக்கவில்லை.